கல்யாணத்துக்கு 150 மெழுகுதிரி, ஒன்று 850 ரூபாய்: எடுக்கலாமா?

திரிக்காரி | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் இருந்து வாசனை மெழுகுதிரி செய்து விற்கிறேன். தொடங்கி ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. ஓடர் எல்லாம் இன்ஸ்டகிராமிலும் வாட்ஸ்அப்பிலும்தான். நத்தார் காலத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் கிழமைக்கு ஏழெட்டுப் போனாலே பெரிய விஷயம்.

போன கிழமை ஒரு கல்யாண வீட்டுக்காரர் கேட்டார்கள். விருந்தினருக்குக் கொடுக்க 150 குவளை வேண்டுமாம், மல்லிகை வாசனையில். நான் சில்லறையில் 1,200க்கு விற்பதை 850க்குக் கேட்கிறார்கள். கல்யாணத்துக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. மல்லிகை நான் இதுவரை செய்ததில்லை.

என் கணக்கு இதுதான். ஒரு குவளைக்குச் சோயா மெழுகு 150 கிராம் 300 ரூபாய், வாசனை எண்ணெய் 12 கிராம் 168, கண்ணாடிக் குவளை 190, திரி 20, பெட்டி 70, லேபல் 15. மொத்தம் 763. ஒன்றில் 87 ரூபாய் மிஞ்சும், 150க்கு 13,050.

வந்த சீதேவியை உதைக்காதே என்கிறா அம்மா. எனக்கு எங்கேயோ இடிக்கிறது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 10.15

763இல் பிழை ஒன்றும் இல்லை தங்கச்சி. அதில் எழுதாமல் விட்டதில்தான் இடிக்கிறது. ஒரு தடவைக்கு எத்தனை ஊற்றுவீர்கள்? உருக்கத் தொடங்கி சட்டி கழுவி முடிய எவ்வளவு நேரம் போகும்? குவளை எவ்வளவு உடையும்?

திரிக்காரி | திங்கள், இரவு 10.22

ஒரு தடவைக்கு 12. கழுவித் துடைத்து முடிய மூன்று மணித்தியாலம். குவளை இருபதுக்கு ஒன்று போகும். புறக்கோட்டையில் இருந்து ஓட்டோவில் வரும்போதே ஒன்றிரண்டு வெடித்திருக்கும்.

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 10.51

சரி. 150ஐ 12ஆல் பிரித்தால் 13 தடவை. அதற்கே 39 மணித்தியாலம். லேபல் ஒட்டி, பெட்டி மடித்து, ரிபன் கட்ட (கல்யாண வீடு ரிபன் கேட்காமல் விடாது) இன்னும் பத்து. ஆக 49.

இனி காசு. உடையும் குவளை எட்டுக்கு 1,520. மல்லிகை புதிது என்கிறீர்கள், குறைந்தது நாலு பரிசோதனைத் திரி எரிக்க வேண்டும். குவளையைக் கழுவித் திரும்ப எடுக்கலாம் என்றாலும் மெழுகு, எண்ணெய், திரி ஒன்றுக்கு 488. நாலுக்கு 1,952. குவளை ஏற்றிவர 2,000, மண்டபத்துக்குக் கொண்டுபோய் இறக்க 3,000 என்று வைத்தேன், கூடக் குறைய வரலாம். 13,050இல் இவற்றைக் கழித்தால் 4,578.

அதை 49ஆல் பிரியுங்கள். மணித்தியாலத்துக்கு 93 ரூபாய். கரண்ட் பில்லை நான் தொடவே இல்லை.

கொச்சிக்கடை வாசல் | செவ்வாய், காலை 6.30

நான் கொஞ்சம் மாறிச் சொல்லப் போகிறேன், அடிக்க வராதீர்கள்.

அப்பா முப்பது வருடத்துக்கு மேல் அந்தோனியார் கோயிலடிக்கு மெழுகுதிரி வார்த்துக் கொடுத்தவர். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம்தான் வேலை. அலுமினிய அச்சில் வரிசை வரிசையாகக் குழாய் இருக்கும். மேலிருந்து கீழ் திரி நூலை இழுத்து முடிந்து, உருக்கிய பரஃபினை ஊற்றி, அச்சைத் தண்ணீருக்குள் இறக்கிவிடுவார். இறுகியதும் ஒரு தட்டு. திரிகள் பொலபொலவென்று சாக்கில் விழும். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு திங்கள் இரவெல்லாம் வேலை நடக்கும். ஜூன் 13 திருவிழா என்றால் மே மாதமே வீட்டில் நடக்க இடம் இருக்காது. ஒரு திரியில் கிடைப்பது சில்லறைக் காசு. ஆனால் ஆயிரக்கணக்கில் போகும். அந்தக் காசில்தான் நாங்கள் மூன்று பேரும் படித்தோம்.

நீங்கள் 150க்கே பயப்படுகிறீர்கள். சோயாவை விட்டுப் பரஃபினுக்கு வாருங்கள், மெழுகுச் செலவு பாதிக்கு மேல் குறையும். சோயா, ஓர்கானிக் என்பதெல்லாம் கொழும்பு 7 பணக்காரருக்கு விலை ஏற்ற வைத்த பெயர்.

திரிக்காரி | செவ்வாய், காலை 8.05

அண்ணை, உங்கள் அப்பாவின் வேலைக்கு என் கும்பிடு. ஆனால் பரஃபின் கறுப்புப் புகை விடும், சோயா சுத்தம் என்றுதான் என் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது மாற்றினால் வாங்குகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

ஓய்வுபெற்ற வாத்தியார் | செவ்வாய், காலை 10.40

பிள்ளை, அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 34 வருடம் இரசாயனம் படிப்பித்தவன் சொல்கிறேன்.

எரிவது திரி அல்ல, கட்டி மெழுகும் அல்ல. உருகிய மெழுகு பஞ்சு நூல் வழியாக மேலே ஏறி, சூட்டில் ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. சுடரின் மஞ்சள் நிறமே அதற்குள் செந்தணலாய் ஒளிரும் நுண்ணிய கரித்துகள்தான். அந்தக் கரி முழுக்க எரிந்து முடியாமல் வெளியே தப்பினால் புகை. சுடர் அளவுக்கு மேல் பெரிதானாலும் காற்றில் ஆடினாலும் தப்பும். பரஃபின் பெற்றோலியத்தில் இருந்து வருகிறது, சோயா மெழுகு ஐதரசன் ஏற்றி இறுக்கிய சோயா எண்ணெய். திரி தடித்தாலோ நீண்டாலோ இரண்டும் ஒரேமாதிரித்தான் கரி கக்கும். திரியை 6 மில்லிமீற்றருக்கு வெட்டி, காற்றுப் படாமல் எரித்தால் இரண்டும் ஒழுங்காக எரியும்.

அதற்காகக் கொச்சிக்கடைத் தம்பி சொல்வது முழுக்கச் சரி என்றும் இல்லை. அவருடைய அப்பா வார்த்தது அச்சுத் திரி. அது தன்காலில் நிற்க வேண்டும், அதனால் கடினமான மெழுகு வேண்டும். பரஃபின் வகையைப் பொறுத்து ஏறக்குறைய 46 முதல் 68 பாகை வரை உருகும். குவளைக்கு ஊற்றுவது மிருதுவான வகை, அச்சுக்கு ஊற்றுவது இறுகின வகை. கோயில் திரிக்கு வாங்கும் பரஃபினைக் கண்ணாடியில் ஊற்றினால் சுருங்கிச் சுவரை விட்டுப் பிரியும், நடுவில் குழி விழும். இரண்டு தொழிலும் பெயரளவில்தான் ஒன்று.

கொச்சிக்கடை வாசல் | செவ்வாய், காலை 11.12

குழி விழும் என்பது உண்மை சேர். அப்பா கம்பியால் குத்தி இரண்டாம் தரம் ஊற்றுவார். ஒப்புக்கொள்கிறேன்.

தெஹிவளை அக்கா | செவ்வாய், பகல் 1.30

காசுக் கதையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தத் திரிகள் எந்த வாகனத்தில், எத்தனை மணிக்கு மண்டபத்துக்குப் போகும் என்று கேட்டீர்களா?

மூன்று வருடத்துக்கு முதல் நானும் ஒரு கல்யாணத்துக்கு 80 குவளை கொடுத்தேன். சோயாதான். காலை ஒன்பது மணிக்கு வானில் ஏற்றினோம். சாரதி வழியில் இன்னொரு இடத்துக்குப் போய், வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிட்டிருக்கிறார். பின்னேரம் மண்டபத்தில் பெட்டியைத் திறந்தால் மேற்பரப்பு முழுக்க வியர்த்த மாதிரி எண்ணெய்த் துளி. சில குவளையில் மெழுகே உருகிச் சரிந்து, திரி ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. லேபல் எல்லாம் எண்ணெய் ஊறி ஒளி ஊடுருவுகிறது. மணப்பெண்ணின் அம்மா ஒன்றும் பேசவில்லை. ஒரு குவளையை எடுத்து, டிஷ்யூவால் துடைத்துவிட்டு, திரும்ப வைத்தா. திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. மீதிக் காசு நான் கேட்கவில்லை, அவர்களும் தரவில்லை.

குவளைக்கு ஊற்றும் சோயா 50 பாகையை அண்டியே உருகிவிடும். கொழும்பு வெயிலில் மூடி நிறுத்திய வாகனத்துக்குள் அந்தச் சூடு தாராளமாக வரும். இப்போதெல்லாம் குளிரூட்டி போட்ட கார் இல்லாமல் நான் அனுப்புவதில்லை. அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்று. சோயா ஊற்றிய உடனே மணம் பிடிக்காது. ஒன்றரை, இரண்டு கிழமை மூடி வைத்தால்தான் எரியும்போது வாசனை வரும். ஆறு கிழமையில் இரண்டை இதற்கு விடுங்கள். பரிசோதனைத் திரிக்கும் அதே இரண்டு கிழமை. மிஞ்சுவது இரண்டு. அதற்குள் 13 தடவை ஊற்ற வேண்டும்.

திரிக்காரி | செவ்வாய், பகல் 2.02

அக்கா, இந்த நாட்கணக்கை நான் போட்டே பார்க்கவில்லை. வயிற்றைக் கலக்குகிறது.

சிரட்டை ஐடியா | செவ்வாய், மாலை 5.20

குவளைக்கு 190 கொடுப்பதை விட்டுச் சிரட்டையில் ஊற்றுங்களேன். செலவு இல்லை, நம் நாட்டுப் பொருள், வெளிநாட்டுக்காரர் விரும்பி வாங்குவார்கள்.

தெஹிவளை அக்கா | செவ்வாய், மாலை 5.41

சிரட்டை எதற்குப் பயன்படுகிறது என்று உங்கள் அம்மம்மாவிடம் கேளுங்கள். அடுப்பு மூட்ட. திரி ஓரத்துக்குச் சாய்ந்தால் பாத்திரமே விறகு.

ஓய்வுபெற்ற வாத்தியார் | செவ்வாய், மாலை 6.10

அக்கா சொன்ன விதம் காரம், விஷயம் சரி.

சூட்டுக்கணக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சோயாவை ஏறக்குறைய 80, 85 பாகைக்கு உருக்கி, அந்தச் சூட்டில் எண்ணெயைச் சேர்த்து இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்க வேண்டும். அப்போதுதான் எண்ணெய் மெழுகோடு கலந்து பிடிக்கும். பிறகு 55, 60க்கு ஆறவிட்டு ஊற்றலாம், மெழுகு விற்கிறவர் வேறு எண் சொன்னால் அதைக் கேளுங்கள். நீங்கள் போடும் 12 கிராம் 150க்கு 8 வீதம், அது அளவான பங்கு. மணம் போதவில்லை என்று 12, 13 வீதம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மெழுகு அவ்வளவைத் தாங்காது, மிச்சம் வெளியே கசிந்து மேலே நிற்கும். அக்காவின் வானில் வியர்த்ததற்கு வெயிலோடு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

எண்ணெயை மில்லிலீற்றரில் ஊற்ற வேண்டாம், தராசில் கிராமாக நிறுங்கள்.

தெஹிவளை அக்கா | செவ்வாய், மாலை 6.25

சேர், 11 வீதம் போட்டேன். இவ்வளவு நாளும் வெயிலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாடி | செவ்வாய், இரவு 8.15

நான் மெழுகுதிரி செய்கிறவன் இல்லை. மெழுகுதிரி செய்கிறவருக்குக் கீழ்வீட்டில் குடியிருந்தவன். மேல்வீட்டு அம்மா சட்டி கழுவிய சுடுதண்ணீரைக் குசினி சிங்க்கில் ஊற்றியிருக்கிறா. சுடுதண்ணீரோடு கரைந்து போய்விடும் என்று நினைப்பு. குழாயின் வளைவில் தண்ணீர் ஆற, மெழுகு கட்டியாகிவிட்டது. ஒரு ஞாயிறு காலை எங்கள் சிங்க்கில் இருந்து நாலு வீட்டுச் சோற்றுத் தண்ணீர் லவெண்டர் மணத்தோடு மேலே வந்தது. தயவுசெய்து சட்டியைச் சூட்டோடு கடதாசியால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள்.

திரிக்காரி | செவ்வாய், இரவு 8.30

நான் கடதாசியால்தான் துடைக்கிறேன். (இன்றில் இருந்து.)

தெஹிவளை அக்கா | செவ்வாய், இரவு 9.05

குசினிக் கதை வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். தொடங்கிய புதிதில் மெழுகுச் சட்டியை நேரே காஸ் அடுப்பில் வைத்துவிட்டு, போன் கதைக்கப் போய்விட்டேன். திரும்பி வரும்போது சட்டியில் இருந்து வெள்ளைப் புகை. கிட்டப் போவதற்குள் பக்கென்று பிடித்தது. இவர் ஜக்கில் தண்ணீரோடு ஓடி வருகிறார். நான் போட்ட சத்தத்தில் ஜக்கைக் கீழே போட்டார். சோற்றுப் பானை மூடியை எடுத்துச் சட்டியை மூடி, அடுப்பை நிற்பாட்டினேன். அவர் அந்தத் தண்ணீரை ஊற்றியிருந்தால் அடியில் போய்க் கொதித்து எரியும் மெழுகை வீடு முழுக்கத் தெறித்திருக்கும்.

அன்றில் இருந்து தண்ணீர்ச் சட்டிக்குள் சட்டி வைத்துத்தான் உருக்குகிறேன். வெப்பமானி இல்லாமல் அடுப்பைத் தொடுவதில்லை.

கொச்சிக்கடை வாசல் | செவ்வாய், இரவு 9.30

அப்பாவின் இடது கையில் முழங்கை வரை தழும்பு இருக்கிறது. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

லைட் போன தெரு | புதன், காலை 7.00

ஒரு கேள்வி. வாசனைத் திரியை விட்டுச் சாதாரண வெள்ளைத் திரி செய்தால் என்ன? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது எங்கள் தெருக் கடைகளில் மெழுகுதிரிக்கு அடிபாடு. போன வருடம், 2025 பெப்ரவரியில், பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க லைட் போன ஞாயிற்றுக்கிழமையும் எல்லோரும் கடைக்குத்தான் ஓடினோம்.

கணக்குப்பிள்ளை | புதன், காலை 7.45

குரங்கு எப்போது பாயும் என்று யாராவது எழுதித் தந்தால் முதல் போடலாம். வெள்ளைத் திரியில் அச்சும் ஆளும் வைத்து டன் கணக்கில் செய்கிறவர்களோடு குசினியில் இருந்து போட்டிபோட முடியாது. 2022இல் திரி விற்றது உண்மை. ஆனால் மார்ச்சில் 200 அளவில் இருந்த டொலர் சில கிழமையில் 300ஐத் தாண்டியது. விற்ற காசில் அடுத்த மூட்டை மெழுகு வாங்க முடியாமல் தவித்தவர்களையும் எனக்குத் தெரியும். மெழுகு இறக்குமதிப் பொருள் என்பதை மறக்க வேண்டாம். விலைப்பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள்.

தங்கச்சி, வியாபாரப் பெயர் பதிந்திருக்கிறீர்களா?

திரிக்காரி | புதன், காலை 8.10

இல்லை. எங்கே போக வேண்டும்?

கணக்குப்பிள்ளை | புதன், காலை 8.33

வெள்ளவத்தை என்றால் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். முதலில் உங்கள் கிராம உத்தியோகத்தரிடம் போய் உறுதிப்படுத்திக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கலாம். கல்யாண வீடு, ஹோட்டல் எல்லாம் பில் கேட்கும். ஃபிளாட் நிர்வாகத்திடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

திரிக்காரி | 18 நாட்களுக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 10.20

நடந்ததைச் சொல்ல வந்தேன்.

ஓடரை அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்ச நாள் தாருங்கள் என்று கேட்டு, அந்தப் புதன் இரவே மல்லிகையில் நாலு குவளை ஊற்றினேன், நாலிலும் நாலு அளவுத் திரி. நான் லவெண்டருக்குப் பாவிக்கும் திரி சரியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். இரண்டு கிழமை கழித்து வெள்ளிக்கிழமை எரித்துப் பார்த்தால் மல்லிகை எண்ணெய்க்கு அது காணாது. மூன்று மணித்தியாலம் எரிந்தும் நடுவில் கிணறு மாதிரிக் குழிதான், ஓரமெல்லாம் மெழுகு அப்படியே நிற்கிறது. ஒரு அளவு தடித்தது ஓரம் வரை உருகியது. அதற்கு அடுத்தது திரி நுனியில் காளான் மாதிரிக் கரி கட்டிப் புகைத்தது.

சரி, இரண்டாவது அளவுதான் என்று முடிவுகட்டி சனிக்கிழமை ஹோலில் கொளுத்தி வைத்தேன். அம்மா வந்து ஃபேனைப் போட்டா. அரை மணித்தியாலத்தில் சுடர் ஒரு பக்கம் சாய்ந்து, குவளையின் அந்தப் பக்கம் மட்டும் கறுப்பு. துணியால் துடைத்தால் விரலெல்லாம் மை. அப்போதுதான் உறைத்தது: ஒரு வருடமாக நான் அறைக் கதவைச் சாத்தி, ஃபேனை நிற்பாட்டிவிட்டுப் பரிசோதித்திருக்கிறேன். கொழும்பில் யார் ஃபேனை நிற்பாட்டிவிட்டு மெழுகுதிரி கொளுத்துகிறார்கள்?

ஓய்வுபெற்ற வாத்தியார் | ஞாயிறு, இரவு 10.41

34 வருடம் படிப்பித்த எனக்கும் அது தோன்றவில்லை. "காற்றுப் படாமல்" என்று புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். உயரம் கூடிய குவளை வைத்துப் பாருங்கள், மெழுகுக்கு மேல் கண்ணாடிச் சுவர் மூன்று விரல் அளவு நின்றால் சுடருக்குக் காற்று குறையும்.

திரிக்காரி | ஞாயிறு, இரவு 11.05

ஏற்கெனவே வைத்துப் பார்த்துவிட்டேன் சேர். அதே அளவு மெழுகு, உயரக் குவளை. விலையும் அதே 190தான், நல்லகாலம். உருக்கி ஊற்றி ஆறியவுடனேயே மூன்றை எரித்துப் பார்த்தேன், மணத்துக்கு இல்லை, கரிக்கு. ஃபேனை ஒன்றில் வைத்தால் கறுக்கவில்லை. மூன்றில் வைத்தால் லேசாக. ஆக மொத்தம் ஏழு பரிசோதனைத் திரி.

கல்யாண வீட்டுக்கு நேற்றுப் போய் உள்ளதைச் சொன்னேன். 850க்கு 150 என்னால் முடியாது, இருக்கும் நாளில் நல்லதாகச் செய்யக்கூடியது இவ்வளவுதான் என்று. மாப்பிள்ளையின் அக்கா கொஞ்சம் முகத்தைச் சுளித்தா. மணப்பெண்தான் கேட்டது, ஆளுக்கு ஒன்று எதற்கு, மேசைக்கு ஒன்று வைத்தால் என்ன என்று. மண்டபத்தில் 22 மேசை. உடைந்தால், சாய்ந்தால் என்று மூன்று கூட. 25 குவளை, சில்லறை விலை 1,200க்கே. அரைவாசிக் காசு கையில் தந்துவிட்டார்கள். அவர்களே குளிரூட்டிய காரில் வந்து எடுத்துப் போவார்கள். 25ஐயும் நாளைக்கே ஊற்றினால் மணம் பிடிக்க இரண்டு கிழமை தாராளமாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை அண்ணை, நீங்கள் கேட்பதற்கு முதலே போட்டுவிட்டேன். 1,200இல் 763 போக 437. அது 25 தரம், 10,925. உடைய ஒரு குவளை 190, ஏழு பரிசோதனைக்கு 3,416, குவளை ஏற்ற 700. மிஞ்சுவது 6,619. மூன்று தடவை ஊற்றலும் பெட்டி வேலையுமாக 11 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 600 சொச்சம்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 11.18

பரிசோதனைக்குக் காவல் இருந்த நேரம்?

திரிக்காரி | ஞாயிறு, இரவு 11.20

அதைச் சேர்த்தால் அழுகை வரும். அடுத்த மல்லிகை ஓடரில் பிடிப்போம். சோயா சுத்தம் என்ற வரியைப் பக்கத்தில் இருந்து எடுத்துவிட்டேன். "திரியை 6 மில்லிமீற்றருக்கு வெட்டவும், ஃபேனுக்கு நேர்கீழே வைக்க வேண்டாம்" என்று லேபலில் போட்டிருக்கிறேன், தமிழிலும் சிங்களத்திலும். அம்மா மட்டும் இன்னும் 150 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறா.

இப்போது கடைசிப் பரிசோதனைத் திரி குசினி மேசையில் எரிகிறது. ஃபேன் மூன்றில்.

கொச்சிக்கடை வாசல் | ஞாயிறு, இரவு 11.34

அப்பாவுக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: திரியை வெட்டிவிட்டா கொளுத்தினா?

திரிக்காரி | ஞாயிறு, இரவு 11.36

இல்லை. பொறுங்கள், அணைத்துவிட்டு வருகிறேன்.